வேட்டைப் பாதையில் ஒரு கம்பிவேலி

எனக்குக் கரண்ட் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். வீட்டில் பல்பு மாற்றக்கூட என் பெண்டாட்டி முத்துராணிதான் ஸ்டூலில் ஏறுவாள். நான் கொத்தனார். மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைக் காலில் நின்று பூசுவேன், ஆனால் சுவிட்சுப் பெட்டி இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். ஆளுக்கொரு பயம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் பெயர் சொரிமுத்து. பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றுக்கால்வாய் ஓரம் எங்கள் ஊர். கோயில் திருவிழாவான கொடை வந்துவிட்டால் நான் சுடலைமாடனின் சாமியாடி. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஆடினான், அண்ணன் போனபிறகு நான். செவ்வாயும் வெள்ளியும் குறி கேட்க வாசலில் ஆள் நிற்கும். என் வாக்கைக் கேட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு, நிச்சயம் செய்ததை முறித்தவர்களும் உண்டு.

என்மேல் சாமி வந்தது கிடையாது. முதல் வருஷம் வரும் என்று காத்திருந்தேன். மேளம் உச்சத்துக்குப் போயிற்று, ஊர் கண்கொட்டாமல் பார்த்தது, சாமியைக் காணோம். அத்தனை பேருக்கு முன்னால் சும்மா நிற்க முடியுமா? ஆடினேன். ஒருதரம் ஆடியவன் அப்புறம் வருஷா வருஷம் ஆடித்தான் ஆகவேண்டும். இருபது வருஷம் ஓடிவிட்டது.

கொடையன்று நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போகும். அதாவது, சாமியாடி சுடுகாட்டுக்கு ஓடிப்போய்ப் படையல் கொடுத்துவிட்டு வருவது. அந்தப் பாதையில் யாரும் எதிர்ப்படக்கூடாது, பட்டால் ரத்தம் கக்கிச் சாவார்கள் என்பது நம்பிக்கை. வழியில் இருக்கிற வீடுகளில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். குடும்பத்து ஆள் ஒருவன் மட்டும் தீப்பந்தம் பிடித்துக் கூட வரலாம். எங்களில் அது அண்ணன் மகன் மணிராஜ். வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டினான். நல்ல பையன், வாயைத் திறந்தால் கேலி.

ஒரு வருஷம் வேட்டையில் ஒரு சிரிப்புச் சமாச்சாரம் நடந்தது. சுடுகாட்டு வழியில் இசக்கிதுரை அண்ணாச்சியின் வாழைத்தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அவர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். அது போதாதென்று கம்பிவேலி போட்டு, திருட்டுத்தனமாக அதில் கரண்டும் விட்டிருந்தார். அந்த வேலியைப் பாதையின் குறுக்கே வாய்க்கால்வரை இழுத்துவிட்டது எனக்குத் தெரியாது. கூவிக்கொண்டு ஓடிவந்தவன் கம்பியைக் கண்டதும் நின்றுவிட்டேன். இடுப்பு மணிகூடச் சத்தம் போடவில்லை. கையிலிருந்த வல்லய ஈட்டியின் மரக்காம்பால் கம்பியைப் பையத் தூக்கி, குனிந்து, மேலே படாமல் நுழைந்து, அந்தப் பக்கம் போய் மறுபடியும் கூவ ஆரம்பித்தேன். பின்னால் பந்தத்தோடு மணிராஜ் வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் டீக்கடைப் பின்பக்கம் என்னைத் தனியாகப் பிடித்தான்.

“மாடசாமிக்கு கரண்ட்னா பயமோ, சித்தப்பா?”

விழுந்து விழுந்து சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, “சும்மா சொன்னேன். நா யார்ட்டயும் சொல்லமாட்டேன். ஒமக்கு அவமானம்னா எனக்கில்லியா?” என்றான்.

சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. தொந்தரவே அதுதான். சொல்லியிருந்தால் ஊர் ஒருநாள் சிரித்துவிட்டுப் போயிருக்கும். சொல்லாதவனை எத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருப்பது? கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் யார் காதிலாவது குனிந்தால் எனக்குச் சோறு இறங்காது. குடித்தால் உளறுவானோ, கட்டிக்கப்போகிறவளிடம் சொல்லுவானோ என்று ஓயாத நினைப்பு. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் கனம் லோடு ஆட்டோவில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த கொடை நெருங்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை அவனே வீட்டுக்கு வந்தான்.

“துரை அண்ணாச்சி இன்னும் வேலியக் கழட்டல, சித்தப்பா. நீரு கவலப்படாதீரும். மடைகிட்ட வந்ததும் பந்தத்த ஒம்ம கையில தந்துட்டு நா முன்னால போயிருதேன். மோட்டார் ரூம்ல பீஸப் புடுங்கிட்டா முடிஞ்சுது சோலி. நீரு தைரியமா ஓடியாரும்.”

சரி என்றேன்.

கொடையன்று சொன்னபடி பந்தத்தைத் தந்துவிட்டு இருட்டுக்குள் ஓடினான். நான் மடையிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வெடிச் சத்தம். போய்ப் பார்த்தபோது மோட்டார் ரூம் வாசலில் மணிராஜ் குப்புறக் கிடந்தான். இசக்கிதுரை துப்பாக்கியோடு நின்றார். பந்த வெளிச்சத்தில் என்னைக் கண்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, விழுந்து கும்பிட்டார். எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர் திரண்டு வந்தது. மணிராஜின் அம்மா பேச்சித்தாய், என் மதினி, என் காலைக் கட்டிக்கொண்டு, “யாருன்னு சொல்லும், கொழுந்தனாரே” என்று கதறினாள். இசக்கிதுரை என்று வாயில் வந்துவிட்டது. அதையே போலீசும் எழுதிக்கொண்டது.

வழக்கு பாளையங்கோட்டையில் நடந்தது. அன்று ராத்திரி அவர் தோட்டத்திலேயே இல்லை, துப்பாக்கியில் இருந்த கரி முந்தின நாள் பன்றிக்கு வெடித்தது என்று இசக்கிதுரை தரப்பில் சொன்னார்கள். அரசு வக்கீல் சித்ரலேகா என்னை வராந்தாவில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

“இந்த மாதிரி ரவை எந்தத் துப்பாக்கியில இருந்து வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியாது, அண்ணாச்சி. வழியில ஒரு வீட்டுலயும் கதவு தெறக்கல. ஒங்க கண்ணு ஒண்ணுதான் எங்களுக்குச் சாட்சி. பயப்படாம சொல்லுங்க.”

கூண்டிலிருந்த இசக்கிதுரை நீதிபதியைக் கும்பிடவில்லை, என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நேராக நில்லும் என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரர் அவரை அதட்ட வேண்டியிருந்தது. நான் பார்த்ததைச் சொல்லி முடித்தேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் குமரகுருபரன் எழுந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மெத்தென்ற பேச்சு. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சாமி எறங்கின பெறவு என்ன நடந்துதுன்னு சாமியாடிக்கு நெனவிருக்காதுன்னு ஒங்க ஊர்ல எல்லாரும் சொல்லுதாங்க. வேட்டைக்கு ஓடுதப்ப ஒங்க மேல சாமி இருந்துதா, இல்லியா? இருந்துதுன்னா நீங்க எதையும் பாத்திருக்க முடியாது. பாத்தீங்கன்னா சாமி இல்ல. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, போதும்.”

சித்ரலேகா எழுந்து ஆட்சேபித்தார். சாட்சி பதில் சொல்லட்டும் என்றார் நீதிபதி.

திரும்பிப் பார்த்தேன். பாதி ஊர் அங்கே இருந்தது. என் சொல்லைக் கேட்டு மகளின் நிச்சயத்தை முறித்த அன்னத்தாய் இருந்தாள். முத்துராணி இருந்தாள். பேச்சித்தாய் முன்வரிசையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இசக்கிதுரைக்கு ஜெயில், எனக்கு இருபது வருஷமும் போச்சு. முன்னால் போனாலும் சுவர், பின்னால் போனாலும் சுவர். அப்படி ஒரு பயம் எனக்குக் கம்பிவேலியில்கூட வந்ததில்லை.

“சாமி இருந்துது. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. நான் பிறழ்சாட்சி, இசக்கிதுரை விடுதலை. வெளியே வந்ததும் சித்ரலேகா என்னைத் தாண்டிப்போய் மதினியிடம் வருத்தப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மதினி அவரைத் தேற்றியது என் காதில் விழுந்தது.

“அவரக் குத்தம் சொல்லாதிய, அம்மா. சாமி இருந்துதுன்னா இருந்துதுன்னுதான சொல்ல முடியும்? சாமி காரியத்துல பொய் சொல்ல முடியுமா?”

இப்போது செவ்வாயும் வெள்ளியும் வாசலில் முதல் ஆளாக நிற்பது இசக்கிதுரைதான். அவர் மகனுக்கு வலிப்பு இருந்தது, திருநெல்வேலி டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில் நின்றுவிட்டது. அவர் அப்படி நினைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை திருநீறு வாங்கும்போது என் காதோரம் குனிந்தார்.

“வாக்குப் பலிச்சிட்டு, சாமி. ஜெயில்லகூட ஒருத்தன்ட்டயும் மூச்சு விடல. இன்னும் யாரக் காட்டுனாலும் செய்யுதேன்.”

அவர் சொல்லும் வாக்கு எது என்று நான் இன்னும் சொல்லவில்லை. மணிராஜ் வந்து போன அதே வாரம், வெள்ளிக்கிழமை, இசக்கிதுரை மகனுக்காகக் குறி கேட்க வந்தார். “ஒந்தோட்டத்துல ஒரு துஷ்டன் நொழையுதான். வேட்டை அன்னிக்கு எனக்கு முன்னால, இருட்டுல, மோட்டார் ரூமுக்கு வருவான். மனுச ரூபத்துல வருவான். விட்டுராத. விட்டா ஒம்பிள்ளைய எடுத்துக்கிடுவான்” என்று வாக்கு வந்தது. சாமி ஒருவனுக்குச் சொன்னதை அவன் இன்னொருவனிடம் சொல்லக்கூடாது, சொன்னால் வாக்குத் திரும்பிவிடும். இசக்கிதுரை அதை மீறுகிற ஆள் இல்லை.

ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றால் ஏன் என்று ஊர் கேட்கும். அடுத்த மாசம் கொடை. மதினி நேற்று வந்து, “இந்தக் கொடையில சாமி எறங்கட்டும். எம்பிள்ளையக் கொன்னது யாருன்னு அதுட்டயே கேட்டுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேட்பாள். ஆடிக்கொண்டே நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்குத் தூக்கமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். மணிராஜ் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனைக் கொல்லச் சொல்ல எனக்கு மனசு வருமா? அந்த வெள்ளிக்கிழமை இசக்கிதுரை முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது, நாக்கு தானாகப் புரண்டது. இருபது வருஷத்தில் சாமி என்மேல் வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான்.