மினுங்காத பண்டம்

— மெதுவா நடங்க அக்கா. செருப்பில்லாத காலு. ரோடெல்லாம் ஜல்லியைக் கொட்டி வச்சிருக்கான்.

— என் காலைப் பத்தி நீ ஒண்ணும் கவலைப்படாண்டாம் தங்கபாய். ஆடி பொறந்ததுல இருந்து செருப்பைத் தொடலை. வில்லிபுத்தூர்ல ஆண்டாள் தேர் நிலைக்கு வந்த பொறவுதான் தொடுவேன். அம்புட்டு சுத்தமா இருந்தவளுக்குத்தான் நீ முட்டையத் திங்கக் குடுத்த.

— குடுக்கலை. நூறு தடவை சொல்லியாச்சு, குடுக்கலை. அதைக் கேக்கத்தானே பேக்கரிக்குப் போறோம்?

— முட்டை இல்லாம கேக்கு எப்படிட்டி உப்பும்? என் மதினி கோமதி வில்லிபுத்தூர்ல பால்கோவா கடை வச்சிருக்கா. முந்தாநாள் வந்தவகிட்ட உன் பண்டத்தோட அருமை பெருமையைச் சொன்னேன். ‘அடிப்பாவி, கேக்குன்னாலே முட்டைதானடி’ன்னு தலையில கைய வச்சிட்டா. அப்பவே ஓடிப்போய் வாயைக் கொப்புளிச்சேன்.

— பால்கோவா கிண்டுறவங்களுக்குக் கேக்கைப் பத்தி என்ன தெரியும்? இது கேக்கே இல்லைங்கேன். காப்ளர். பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல எங்க வார்டனம்மா செய்றது. மாசக் கடைசியில முட்டை வாங்க வழியிருக்காது, முத்தத்து மரத்துல பழம் மட்டும் கொட்டிக் கெடக்கும். அதை வச்சுச் செய்றதுதான் இது.

— காப்புலரோ கீப்புலரோ. பேரே வாயில நுழையல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

— எங்க சுதாரிச்சீங்க? ரெண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டீங்க. நாக்கு ஊதாவாயிருச்சான்னு கண்ணாடி முன்னால போய் நீட்டி நீட்டிப் பார்த்தீங்க. உங்க மக சிவகாமி சிரியாச் சிரிச்சா.

— தின்னேன். தின்னலைன்னு சொன்னேனா? பழம்னு சொன்ன, தின்னேன். விரதத்துக்குப் பழம் ஆகும், மாவு ஆகும், பாலு ஆகும். முட்டை ஆகாது.

— நானும் அதைத்தானே சொல்றேன்! அய்யனார் கோவில் ஆத்துக்குக் குளிக்கப் போன எங்க வீட்டுக்காரர் ஓலைப்பெட்டி நிறைய நாவப்பழம் கொண்டாந்தார். சொளகை மடியில வச்சுக்கிட்டுக் கொட்டை எடுத்தது யாரு? நீங்க. சீனியும் எலுமிச்சம் சாறும் விட்டுப் பிசறினது யாரு? சிவகாமி. நான் மைதாவுல சீனியும் சோடா உப்பும் கலந்து, பாலை ஊத்திக் கரைச்சு, வெண்ணெயை உருக்கி விட்டேன். தட்டுல பழத்தைப் பரப்பி, மேல மாவை ஊத்தி, பேக்கரி அடுப்புல வேக வைக்கக் கொண்டு போனேன். அம்புட்டுத்தான் வேலை. ‘இம்புட்டு லேசா!’ன்னு நீங்களே அதிசயப்பட்டீங்க. அதுல முட்டையை எந்நேரம் அக்கா போட்டேன்? நீங்க கண்ணைச் சிமிட்டுன நேரத்துலயா?

— என் கண்ணு முன்னால போட உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போன வழியில போட்டிருப்ப.

— வழியில! முந்தானையில முட்டையை முடிஞ்சுக்கிட்டு நடந்தேனாக்கும்?

— ஏட்டி, சத்தத்தைக் கொற. மில்லு விட்டு ஆளுக வருதாக.

— கேக்கட்டும். நேத்து குழாயடியில நீங்க சத்தத்தைக் கொறச்சீங்களா? என் குடத்தைக் காலால தள்ளிவிட்டு, ‘விரதக்காரிக்கு முட்டை குடுத்தவ’ன்னு தெருவே கேக்கச் சொன்னீங்க. பாலவாடியில ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுறவ நான். இன்னைக்குக் காலையில ஒருத்தி வந்து, ‘டீச்சர், எம்பிள்ளைக்கு வீட்டுலயே குடுத்துக்கிடுதேன்’னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறா. அந்தப் பிள்ளை சோத்துத் தட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டுப் போகுது.

— உனக்கு ஊர்ப் பிள்ளை. எனக்கு நான் பெத்த பிள்ளைட்டி. ஆவணி பொறந்ததும் சிவகாமியைப் பார்க்க வாரோம்னு வத்திராயிருப்புக்காரவிய வாக்கு சொல்லியிருந்தாக. நல்ல சம்பந்தம். தோப்பு இருக்கு, பையன் கோர்ட்டுல வேலை. நீ அந்தப் பண்டத்தைக் குடுத்த மறுநாளே ஆள் விட்டுச் சொல்லிட்டாக, வேற இடம் பார்த்தாச்சுன்னு. அவ கல்யாணத்துக்காக நான் விரதம் பிடிக்கிற மூணாவது ஆடி இது தங்கபாய். மத்தியானம் ஒரு நேரம் சோறு. பொழுது சாய ஒரு பன்னு, ஒரு தம்ளர் பாலு. அதுவும் தலை சுத்துதுன்னு டாக்டர் சொன்னதுனால. அந்த விரதத்தை ஒரு கிண்ணத்துல கவுத்திட்டியே.

— சம்பந்தம் கலைஞ்சதுக்கு நான் என்ன அக்கா செய்ய முடியும்? சிவகாமி எனக்கும் தங்கச்சி மாதிரிதான். அவளே உங்ககிட்ட சொன்னாளே, தங்கபாய் அக்கா அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு.

— அவளுக்கு என்ன தெரியும்? அவ மிச்சத் தட்டையும் வழிச்சு நக்கினவ.

— பஸ்ஸு வருது, ஓரமா வாங்க. இந்தப் பாண்டியன் பஸ்காரனுக்கு ரோடு பத்தாது. கேளுங்க அக்கா. ‘தேருக்கு முன்னால வீட்டைக் காலி பண்ணு’ன்னு சொல்லிட்டீங்க. ஆடி மாசத்துல எந்த வீட்டுக்காரர் புதுசாப் பால் காய்ச்ச விடுவார்? எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். வீடு குடுக்குறவங்களுக்கு ஒண்ணு இல்லையே. ரெண்டு பிள்ளைகளையும் சட்டி பானையையும் தூக்கிட்டு நான் சர்ச்சு வாசல்லயா போய் உக்கார?

— முட்டை போடும்போது அதை நினைச்சிருக்கணும்.

— போடலை! எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதுன்னு இருக்கு. இருந்தும் என் பிள்ளை ஜெபா தலையில கைய வச்சு சத்தியம் பண்ணினேனே. பண்ண வச்சீங்களே. இதுக்கு மேல ஒருத்தி என்னதான் செய்வா?

— சரிட்டி. பேக்கரிக்காரன் வாயால ‘முட்டை இல்லை’ன்னு வரட்டும். நீ வீட்டைக் காலி பண்ணாண்டாம். அதே குழாயடியில நின்னு, தப்பு என்மேலதான்னு சொல்லுதேன். இருக்குன்னு வந்துச்சுன்னு வையி, அவனையே அங்க கூட்டிட்டு வந்து சொல்ல வைப்பேன்.

— ஒத்துக்கிட்டேன். வந்தாச்சு பாருங்க. பொன்னுராஜ் அண்ணாச்சி! செத்த வெளிய வாங்க.

— வாங்க டீச்சர். அட, ஆவுடையாச்சி! நீங்களே வந்துட்டீங்களா? இந்நேரம் மகதானே வருவா? ஆச்சிக்கு வழக்கமாக் குடுக்குற பன்னு இப்பத்தான் இறங்கிச்சு. செத்த ஆறட்டும், பொட்டலம் கட்டிடுதேன்.

— பன்னு கெடக்கட்டும் பொன்னுராஜு. நான் கேக்கதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு. போன வாரம் இவ ஒரு தட்டு கொண்டாந்தாளே…

— நாவப்பழத் தட்டு! அதை மறக்க முடியுமா? ரொட்டியெல்லாம் இறக்கின பொறவு, அந்தத் தணிஞ்ச சூட்டுல உள்ள தள்ளினேன். பழச்சாறு மாவைப் பொத்துக்கிட்டு மேல வந்து கொப்புளிக்குது பாருங்க, ஊதா ஊதாவா! கடைக்கு வந்த ஆளு பூராவும் ‘அது என்ன அண்ணாச்சி, அது என்ன அண்ணாச்சி’ன்னு அடுப்புக்குள்ள தலையை விடுதாங்க. டீச்சர், அந்தப் பக்குவத்தைச் சொன்னீங்கன்னா நம்ம கடையிலயே போட்டுரலாம்.

— பக்குவம் இருக்கட்டும் அண்ணாச்சி. நான் கொண்டுவந்த மாவுல முட்டை இருந்துதா இல்லையா? அதை மட்டும் அக்காவுக்குச் சொல்லுங்க.

— முட்டையா? அந்த மாவுலயா? ஒரு சொட்டு கிடையாது. விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து மாவுல கைய வச்சவன் ஆச்சி நான். முட்டை விழுந்த மாவு கரண்டியில இருந்து விழுற விழுகையே வேற.

— கேட்டீங்களா அக்கா? நல்லாக் கேட்டீங்களா?

— கேட்டேன்.

— அப்போ நடங்க குழாயடிக்கு.

— நில்லுட்டி. எனக்கு இன்னும் மனசு ஆறலை. பண்டத்து மேல வெந்திருந்த அந்த ஓடு ஒரு மாதிரி கவுச்சி அடிச்சுதே, அது என்ன?

— திங்கும்போது அடிக்காத கவுச்சி, கோமதி மதினி சொன்ன பொறவு அடிச்சுதாக்கும்?

— ஆச்சி, என் கடையில இருந்து வந்த தட்டுலயா கவுச்சி? எப்படிக் குடுத்தேன்னு டீச்சரைக் கேளுங்க. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். உள்ள போகும்போது எப்படி இருந்துச்சு தெரியுமா? வெளிறிப் போய், பாதி வெள்ளையடிச்ச சுவரு மாதிரி. அப்படியே குடுக்க மனசு வருமா? பினிஷிங்னு ஒண்ணு இருக்குல்ல?

— என்ன பினிஷிங் அண்ணாச்சி?

— அதான் டீச்சர், பாதி வெந்ததும் வெளிய இழுத்து, பிரஷ்ஷால மேல லேசா ஒரு தடவு. நீங்க கேக்கவே இல்ல, நானாத்தான் செஞ்சேன்.

— எதைத் தடவினீங்க?

— எதைத் தடவுவாங்க? வழக்கமாத் தடவுறதைத்தான்.

— வாயைத் திறந்து சொல்லுங்க அண்ணாச்சி. எதை?

— முட்டைதான். நல்லா அடிச்சு, துளி பாலு விட்டு…

— ஆண்டாள் தாயே! கேட்டியாட்டி? கேட்டியா? என் மூக்கு பொய் சொல்லுமா?

— மாவுல ஒரு சொட்டு இல்லைன்னு இப்பத்தானே அண்ணாச்சி சொன்னீங்க!

— மாவுல இல்லதானே டீச்சர். இது மேல.

— யாரைக் கேட்டுத் தடவினீங்க? அடுப்புல வச்சு எடுத்துக் குடுங்கன்னுதானே சொன்னேன்? வெளிறி இருந்தா வெளிறியே குடுத்திருக்க வேண்டியதுதானே! பெத்த பிள்ளை தலையில கைய வச்சிருக்கேன்யா! எனக்கே தெரியாம என்னைப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சிட்டீங்களே!

— நல்லதுக்குத்தானே செஞ்சேன்? என் கடையில இருந்து மினுங்காத பண்டம் ஒண்ணு வெளிய போச்சுன்னா என் பேரு என்ன ஆகும்? கடை திறந்த நாள்ல இருந்து அப்படி ஒண்ணு போனதில்ல.

— உன் பேரு கெடக்கட்டும் பொன்னுராஜு. இப்ப எங்கூட வா. பொம்பளைக அம்புட்டு பேரும் தண்ணி பிடிக்கிற நேரம். குழாயடியில நின்னு ‘தடவினேன்’னு உன் வாயால சொல்லணும்.

— அக்கா, நான் போடலைன்னு அவர் சொன்னதும் உங்க காதுல விழுந்துதுல்ல?

— நீ போட்டா என்ன, அவன் தடவினா என்ன? என் வயித்துக்குள்ள போனது முட்டைதானே? தட்டு யாரு தட்டு? உன் தட்டு. நீட்டின கை யாரு கை? உன் கை. தேருக்கு முன்னால வீட்டுச் சாவி என் கைக்கு வரணும். அம்புட்டுத்தான்.

— தெரியாம நடந்ததுக்கா? ஆடியில, ரெண்டு பிள்ளைகளோட?

— விரதத்துல தெரிஞ்சு தின்னது, தெரியாமத் தின்னதுன்னு ரெண்டு கணக்கா இருக்கு? ஆண்டாள்கிட்டப் போய்ச் சாக்கு சொல்ல முடியுமா? தின்னா தின்னதுதான். முறிஞ்சா முறிஞ்சதுதான்.

— ஆச்சி, கொஞ்சம் பொறுத்துப் போங்க. டீச்சர் பாவம்…

— நீ பேசாத. சட்டையை மாட்டு.

— இருங்க அண்ணாச்சி. அக்கா, இப்பச் சொன்னீங்களே, தின்னா தின்னதுதான், தெரியாமத் தின்னாலும் முறிஞ்சதுதான்னு. இதைக் குழாயடியிலயும் சொல்வீங்களா?

— எங்க வேணா சொல்லுவேன். தேர் வடத்தைப் பிடிச்சுக்கிட்டும் சொல்லுவேன். எனக்கென்னட்டி பயம்? கெளம்பு பொன்னுராஜு.

— வாரேன் ஆச்சி, வாரேன். இந்தாங்க, கோவத்துல பன்னை விட்டுட்டுப் போறீங்க பாருங்க. இன்னும் சூடு ஆறலை. வெறும் வயித்தோட இம்புட்டு கத்தினா மயக்கம் வரும்.

— அதை என் கையில குடுங்க அண்ணாச்சி, நான் கொண்டு வாரேன். குழாயடியில தடவின கதையைப் பாதியில நிறுத்திராதீங்க. மூணு ஆடியா அக்காவுக்கு நீங்க கட்டிக் குடுக்குற இந்த விரதப் பன்னு எதனால இப்படி மினுங்குதுன்னும் சேர்த்துச் சொல்லிருங்க.