மாப்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்த கார்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் திருவேங்கடம் பஸ் புறப்படாமல் நின்றபோது, முன் சீட்டில் இருந்த தறி முதலாளியும் அவர் சிநேகிதரும் பேசியது தானாகக் காதில் விழுந்தது.

"உம்ம பள்ளத்துக்கும் சேத்துதான் வே காரு வாங்குனவன் விலையக் குறைச்சுட்டான்" என்றார் முதலாளி.

"எம் பள்ளமா?"

"எங் காருலதான மாப்பிள்ளை ஊர்கோலம் வந்தீரு? ரெண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் காரு. வந்த மாப்பிள்ளை எல்லாம் டிக்கி மேல ஏறி உக்காந்து தகரம் அமுங்கிட்டு."

"நான் அப்போ ஒல்லி வே. ஆனா அந்தச் செவப்புக் காருல போய் எறங்கினதாலதான் எம் மாமனாரே எழுந்திரிச்சு நின்னாரு. அத ஏன் வித்தீரு?"

"மவன் ஊர்கோலத்துக்குன்னுதான் விக்காம வச்சிருந்தேன். வருசா வருசம் விலை எறங்கிட்டே போச்சு, பரவால்லன்னு இருந்தேன். இப்ப கல்யாணம் கூடி வந்திருக்கு. அவன் வாடகைக்கு ஏசி காரு பேசிட்டான். கோவத்துல நேத்து தள்ளிவிட்டுட்டேன்."

சிநேகிதர் முதலாளி பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவனுக்குன்னு வச்சிருக்கிறத அவன்ட்ட சொன்னீரா?"

"சொல்லல வே. நம்ம காருதான, அவனே கேப்பாம்னு இருந்துட்டேன். வாங்குனவன்ட்ட சாவியக் குடுத்து அனுப்புன பொறவு மவன் சொல்லுதான், 'ஊரு மாப்பிள்ளைக்கெல்லாம் குடுத்தீங்க, என்னைய ஒரு வார்த்தை கேக்கலயே'ன்னு."