பெரியப்பா சாவுல வாசிச்ச காகிதம்

...இல்ல, நீயே சொல்லும்மா, ஒரு சாவு வீட்டுல இரங்கல் வாசிக்க ஒண்ணே முக்கால் மணி நேரமா? தலையை ஆட்டாதே, பின்னல் கோணிக்கும். ரெண்டே ரெண்டு பக்கம். வாசிச்சது யாருங்கறே, என் மக அச்சியாதான். எல்லாம் அந்த என்யோனம் டீச்சரால வந்த வினை.

அவளுக்குப் பன்னெண்டு வயசு. வாய் நல்லா பேசும். புத்தகத்தைத் திறந்தா மட்டும் ஊமையாயிடுவா. எழுத்தெல்லாம் நீந்துதும்மான்னு அழுவா. அடிச்சேன். ஆமா, அடிச்சேன், எல்லாருந்தானே அடிக்கறாங்க? ஜெபத்துக்கும் கூட்டிட்டுப் போனேன். அப்புறம் போன வருஷம் இந்த டீச்சரம்மா ஹோ ஊர்ப் பக்கத்துலருந்து மாத்தலாகி வந்தா. வந்தவ, இது டிஸ்லெக்சியா, புத்திக்கு ஒரு கோளாறும் இல்லைன்னா. பேரைப் பாரு. அதைச் சொல்லவே நாக்குக்குப் பயிற்சி வேணும்.

அவ பாடம் நடத்தறது எப்படித் தெரியுமா? முதல்ல எழுத்தே கிடையாது. வெறும் சத்தம். பிள்ளை கையில முகம் பாக்கற கண்ணாடியைக் குடுத்து, இந்தச் சத்தத்துக்கு நாக்கு எங்க போகுது, உதடு எப்படிக் குவியுது, பாருன்னு சொல்லுவா. என் மக ஒரு மாசம் வாசல்ல நின்னு கண்ணாடிக்கு நாக்கைக் காட்டிட்டிருந்தா. எதிர்த்த வீட்டுக்காரி பேய்தான்னு முடிவு கட்டி, பாஸ்டரைக் கூட்டிட்டு வந்துட்டா. அப்புறந்தான் எழுத்து. அதுவும் நோட்டுல இல்ல. தட்டுல கசாவாக் கிழங்கு மாவைப் பரப்பி, சத்தத்தைச் சொல்லிக்கிட்டே விரலால எழுதணும். நான் மத்தியானம் திங்க வெச்சிருந்த மாவும்மா! ரெண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தமா வர்றது நம்ம ட்வி பாஷையில எத்தனை இருக்கு, அதெல்லாம் ஒண்ணொண்ணா, ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டைவிரல்ல ஒரு விரலைத் தட்டணும், கடைசியில இழுத்துச் சேர்க்கணும். ஊகிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. எழுதியிருக்கறதை எழுதியிருக்கற மாதிரியே படிக்கணும்.

மெதுவாத்தான். ஆனா படிச்சா. சோப்பு உறை, லாரிக்குப் பின்னால எழுதியிருக்கற வசனம், ஒண்ணையும் விடல.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பார்னி செத்துப் போனாரு. மரம் ஏத்தற லாரி ஓட்டினவரு, நல்ல மனுசன். அவரு பொண்டாட்டி பொக்குவா இருக்காளே, என் ஓரகத்தி, அவ என் மகளை ரெண்டு வருஷமா ஆடுன்னுதான் கூப்பிடுவா. ஆட்டுக்குத் தழை குடு, எழுத்தைக் குடுக்காதேம்பா. குடும்பம் கூடி, மூணு வாரம் கழிச்சு அடக்கம்னு நாள் குறிச்சப்போ, இரங்கல் யார் வாசிக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. நான் எந்திரிச்சு நின்னு, என் மக வாசிப்பான்னு சொல்லிட்டேன். யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன். பொக்குவா மூஞ்சியைப் பாக்கணும்னு ஒரு ஆசை.

குடும்பத் தலைவர் அம்போமா தாத்தா தட்டச்சுக்காரன் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல, அவன் அடிச்சுக் குடுத்தான். தாத்தாவுக்குக் கண்ணு மங்கல். காகிதத்தை என்கிட்ட குடுத்து, கொனாடு, ஒரு தடவை பார்த்துடு, தப்பிருந்தா திருத்திக்கலாம்னாரு. ஒரு வாரம் வெச்சுப் பார்த்துட்டு, அருமையா இருக்கு, நாலு இடத்துல அழுதுட்டேன்னு சொன்னேன். டீச்சரம்மா அந்த ஒரு வாரமும் நடையா நடந்தா. காகிதத்தைக் குடுங்க, பிள்ளையைத் தயார் பண்ணணும்னு. நான் இன்னும் சரி பார்த்துட்டிருக்கேன்னுட்டேன். அடக்கத்துக்கு முந்தின நாள்தான் என் மக கையில குடுத்தேன். அவ முதல் பக்கத்தோட பாதி வரைக்குந்தான் வந்தா.

சனிக்கிழமை. முன்னூறு பேரு, சிவப்பும் கறுப்புமா துக்கத் துணியில பந்தல் நிறைய. அச்சியா மைக் முன்னால நின்னா. ஒரு கையில காகிதம், இன்னொரு கையில விரல் தட்டறா. அந்தத் தட்டுச் சத்தமும் ஒலிபெருக்கியில கேக்குது. அரை மணியில மேளக்காரன் தூங்கிட்டான். முக்கால் மணியில முன் வரிசைக் கிழவிங்க அவளோட சேர்ந்து விரல் தட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் பந்தலே தட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தை சேரும்போதும் முன்னூறு பேரும் ஆ...ன்னு மூச்சு விட்டாங்க. சோறு ஆறிப் போச்சு, ஒருத்தரும் எந்திரிக்கல.

ரெண்டாம் பக்கம் வந்துச்சு. "இங்க நிறுத்திக் கண்ணைத் துடைக்கவும்"னு படிச்சா. என்னடா இதுன்னு பார்த்தா, அந்தத் தட்டச்சுக்காரப் பாவி தாத்தா சொன்னது மொத்தத்தையும் அடிச்சு வெச்சிருக்கான். வாசிக்க வேண்டியதும், வாசிக்க வேண்டாம்னு அவரு எச்சரிச்சதும். சனங்க என்னவோ நிஜமாவே நிறுத்திக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அடுத்த வரி. டெ... ச்சி... மான். ஊர் பேரு. தாத்தாவுக்குப் புரிஞ்சுடுச்சு. எந்திரிச்சாரு. அவரு தோள்ல சுத்தியிருந்த போர்வை பிளாஸ்டிக் நாற்காலியில மாட்டிக்கிச்சு, நாற்காலியோடயே மைக்கைப் பார்த்து ஓடினாரு, பாதியில விழுந்தாரு. என் மக நிமிந்தே பாக்கல. "டெச்சிமான்ல இருக்கற பொண்ணைப் பத்தியும், அவ பெத்த ரெட்டைப் பிள்ளைங்களைப் பத்தியும் பொக்குவா காதுல விழற மாதிரி யாரும் மூச்சு விடக் கூடாது." முழுசாப் படிச்சு, முற்றுப்புள்ளியில நிறுத்தினா.

பந்தல் ஓரத்துல பத்து வயசு மதிக்கத்தக்க ரெண்டு பொண்ணுங்க நின்னாங்க. ஒரே முகம், பார்னி மூக்கு. அதுங்க பாட்டுக்கு வந்து, தூரமா நின்னு அழுதுட்டுப் போகலாம்னு நினைச்சிருக்குங்க.

பொக்குவா எந்திரிச்சா. என் மகளை அறையப் போறான்னு நான் ஓடினேன். அவ அறையல. மைக்குல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா: "பத்து வருஷமா இந்தக் குடும்பமே என் முன்னால தாண்டித் தாண்டிப் பேசுச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தாண்டாம படிச்சவ இவ ஒருத்திதான்." அப்புறம் அந்த ரெண்டு பொண்ணுங்களையும் பார்த்து, ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டா. இல்லைன்னுதுங்க. கூட்டிட்டு வந்து தன் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டா.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் புலம்பறேன்? திரும்பி, இந்தக் காகிதத்தைச் சரி பார்த்தது யாருன்னு கேட்டா. முன்னூறு தலையும் என் பக்கம் திரும்புச்சு.

என்னத்தைச் சொல்றது... அந்தக் காகிதத்தை இதே கடையில, இதே கண்ணாடி முன்னால, புருவத்தைச் சுளிச்சுக்கிட்டு ஒரு வாரம் பிடிச்சிருந்தேன்மா. தலைகீழாப் பிடிச்சிருந்தேனோ என்னவோ. எனக்கு எழுத்து தெரியாது. எனக்கும் அதெல்லாம் நீந்தும், சின்னப் பிள்ளையில இருந்தே. மூணாம் வகுப்புல வாத்தியார் பெஞ்சு மேல நிக்க வெச்சாரு, எறங்கி ஓடியாந்தவதான். புருசனுக்கே தெரியாது. அது தெரிஞ்சும் என் பிள்ளையை, சோம்பேறின்னு, ரெண்டு வருஷம்...

சரி விடு. முன்னூறு பேர் முன்னால சொல்லிட்டேன். இப்ப தினம் சாயங்காலம் அந்த டீச்சரம்மா என் வாய்க்கு நேரா கண்ணாடியைப் பிடிக்கறா. நாப்பத்தொரு வயசுக்காரி நாக்கை நீட்டிட்டு உக்காந்திருக்கேன். எதிர்த்த வீட்டுக்காரி மறுபடியும் பாஸ்டருக்குச் சொல்லி விட்டிருக்கா. நேத்து ஒரு வார்த்தையில சிக்கிக்கிட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அச்சியா என் விரலைப் பிடிச்சு, "மெதுவா வாம்மா, யாரும் எங்கயும் போகல"ன்னா.

நீயும்தான் எங்கயும் போகாதே. உக்காரு... அட, உக்காருன்னா. இன்னும் பாதித் தலை பாக்கி கிடக்கு.