ரெண்டு பேரை இழுக்கிற ஸ்கூட்டர்

— அதெல்லாம் விடு, தமாயோ. தண்ணிக்கடியில ஆளை இழுத்துட்டுப் போற ஸ்கூட்டர் வாங்க வந்திருக்கேன். உன்கிட்ட பேச்சு வாங்க வரல.

— ரெண்டும் இங்க சேத்துதான் கொடுப்போம், ஃபுமியோ ஐயா. பேச்சுக்குத் தனியா காசு இல்ல.

— என்னை ஐயாங்காத. எத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம்!

— கடைக்குள்ள வந்தா எல்லாரும் ஐயாதான். விவாகரத்து ஆனவங்களுக்குத் தனி வாசலா வச்சிருக்கேன்? இந்த இஷிகாகித் தீவு முழுக்க முங்குறவங்களுக்குன்னு கடை இருக்கு. இங்க ஏன் வந்தீங்க?

— வேற எங்கயும் அந்தக் கறுப்பு வரலையாம். அதோ, சுவத்துப் படத்துல இருக்கே, அது எனக்கு. இந்த மஞ்சக் குட்டி மினோரிக்கு. பில்லைப் போடு, போயிடுறேன்.

— அடேயப்பா! புதுப் பொண்டாட்டிக்குக் குளிக்கிற தொட்டியில விடுற சைஸா? எங்க கூட்டிட்டுப் போறீங்க, ஹோட்டல் நீச்சல் குளத்துக்கா?

— யோனாகுனித் தீவுக்கு. கொம்பன் சுறா பாக்க.

— இதை வச்சுக்கிட்டா? அங்க நீரோட்டம் எப்படி இழுக்கும்னு மறந்துபோச்சா? இதை முழு வேகத்துல அழுத்தினாலும் நின்ன இடத்துலயே நிக்கும். பின்னாடி போகாம இருந்தா அதிர்ஷ்டம்.

— அவ சின்ன உடம்பு. பெருசைக் கொடுத்தா தூக்க முடியாது.

— தண்ணிக்குள்ள என்னங்க தூக்குறது? ரெண்டுமே மிதக்காம மூழ்காம சும்மா நிக்கும். பாதி வயசு கடலுக்குள்ள கழிச்ச ஆளு பேசற பேச்சா இது?

— படகுல ஏத்தணும்ல? இறக்கணும்ல?

— அதுக்குத்தான் புருஷன்னு ஒருத்தர் கூட வர்றாரே. ஓ, அவர் அதுக்குள்ள தண்ணியில குதிச்சிருப்பாரு. மன்னிக்கணும்.

— குத்திக்கிட்டே இரு. கறுப்பு எவ்வளவு வேகம் போகும்? அதைச் சொல்லு.

— முங்குறப்ப முகத்துல மாட்டுற கண்ணாடி பிச்சுக்கிட்டுப் போற வேகம். அந்த வேகத்துல தலையைக் கொஞ்சம் திருப்பினா கண்ணு மூக்கெல்லாம் உப்புத்தண்ணி. வாங்கிட்டுப் போறவங்க முக்காவாசிப் பேரு அந்த வேகத்தைத் தொடறதே இல்ல. உங்களுக்கு என்ன கவலை? தலையைத் திருப்புற பழக்கமே கிடையாதே.

— மறுபடியும் அதே கதையா? நீ பின்னாடி வர்றன்னு நினைச்சேன்.

— நினைச்சீங்க. பாக்கல. அன்னைக்கு யோனாகுனியில என் ஸ்கூட்டர் செத்துப்போய் நான் நீரோட்டத்தோட போய்க்கிட்டிருந்தேன். நீங்க சுறா வாலைப் பாத்துக்கிட்டே போய்ட்டீங்க. மீன்பிடிக்கிற ஆளு ஒருத்தர் என்னைப் படகுல இழுத்துப் போட்டு, நாத்தம் புடிச்ச துண்டு ஒண்ணைப் போத்திவிட்டு, “கூட வந்தவர் செத்துட்டாராம்மா?”ன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— இன்னும் இல்லன்னேன்.

— ரொம்ப சிரிப்பு. பில்லைப் போடு.

— கேட்டுட்டுப் போங்க. ரெண்டு பேரு சேந்து போனா ரெண்டு ஸ்கூட்டரும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுத் திரும்பணும். நேத்து ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தர் பேரு இன்னொருத்தருக்குச் சரியாத் தெரியல. அவங்களே ஜோடியாத்தான் வாங்கிட்டுப் போனாங்க.

— அதான் என்னோடது பெருசாச்சே! அவளோடது நின்னா நான் இழுத்துட்டு வர்றேன்.

— உங்களோடது நின்னா?

— நிக்காது.

— நின்னா?

— நிக்காதுங்கிறேன்ல! அவ்வளவு விலை கொடுத்து வாங்கறது எப்படி நிக்கும்?

— கடலுக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாதுங்க. உங்க தொப்பையையும் சேத்து அந்த மஞ்சக் குட்டி இழுத்துட்டு வருமா? அது பாவம், அதுக்கே மூச்சு வாங்கும். போகட்டும். கறுப்போட பேட்டரி ரொம்பப் பெருசு, விமானத்துல விட மாட்டாங்க. கப்பல்லதான் கொண்டுபோகணும். குளத்துல வாத்துப் படகு ஓட்டினப்பவே வாந்தி எடுத்த ஆளு நீங்க.

— நான் விமானத்துல போயிடுவேன். ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு அவ கப்பல்ல வரட்டும். அவளுக்குத் தலை சுத்தாது.

— ஆகா! இப்படி ஒரு புருஷன் கிடைக்க கொடுத்து வச்சிருக்கணும்.

— அவ சந்தோஷமாத்தான் இருக்கா. உன்னை மாதிரி எல்லாத்துக்கும் கணக்குக் கேக்கறதில்ல. சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவா.

— நானும் ஆட்டினேன், முதல் ரெண்டு வருஷம். கழுத்து வலிக்க ஆரம்பிச்சப்புறம் நிறுத்திட்டேன்.

— தமாயோ, ஒண்ணு மட்டும் கேளு. அவ எப்பவாவது இங்க வந்தா, அந்த யோனாகுனிக் கதையை எடுக்காத.

— ஏன்? அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?

— கடலைக் கண்டா உனக்குப் பயம் வந்துடுச்சு, முங்குறதையே விட்டுட்ட, அதனால ஒத்துவரலன்னு.

— பயமா? எனக்கா? இந்தக் கடையை வச்சுக்கிட்டு, வாரத்துல பாதி நாளு தண்ணிக்குள்ள கிடக்கேன். எனக்குப் பயமா?

— அவ நம்பிட்டா. அது போதும். சரி, கறுப்பை எடு, பாக்கலாம்.

— கறுப்பு இல்ல. இந்தத் தடவை ஒண்ணுதான் வந்தது. காலையில வித்துட்டேன்.

— இவ்வளவு நேரம் அதைப் பத்திதானே பேசிக்கிட்டிருந்தோம்!

— நீங்க எதுவரைக்கும் போவீங்கன்னு பாக்க ஆசையா இருந்துது.

— உன் புத்தி மாறவே இல்ல. எவன் வாங்கினான்? சொல்லு, ரெண்டு மடங்கு கொடுத்து அவன்கிட்டேயிருந்து வாங்கிக்கறேன்.

— அவன் இல்ல. அவ. வந்து நின்னதும், “ஏன் முங்குறதை விட்டீங்க?”ன்னு என்னைக் கேட்டா. யாரும்மா விட்டாங்கன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்.

— எந்த அவ?

— உங்க மினோரிதான். புருஷனுக்கும் சேத்து ஜோடியா வரவழைக்கவான்னு கேட்டேன். “ஒண்ணு போதும், அக்கா”ன்னா.