எட்டாவது வரியில் பசி

ரிசப்ஷன் அக்கா: ...திரும்பவும் வந்திருச்சு தம்பி. அழிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.

லேப் தம்பி: கதவைச் சாத்துங்கக்கா. தூசி பேஷண்ட் நாற்காலி வரைக்கும் போகுதுன்னு பெரிய டாக்டர் காலையிலதான் பாடினார். என்ன வந்திருச்சு?

ரிசப்ஷன் அக்கா: எட்டாவது வரி. நீயே பாரு.

லேப் தம்பி: ரெண்டு கையும் பிளாஸ்டர். இந்தப் பல்செட் அச்சு இறுகறதுக்குள்ள விட்டேன்னா ஒரு பெரியவருக்கு இன்னும் ஒரு வாரம் கஞ்சிதான். நீங்க வாசிங்க.

ரிசப்ஷன் அக்கா: இதை வாயால வேற வாசிக்கணுமா...

லேப் தம்பி: வருஷக் கடைசி விருந்துக்கு யாரு என்ன கொண்டு வர்றாங்கன்னு ஒரு ஷீட். பேய்க்கதை மாதிரி மடிக்கணினியைத் தூக்கிட்டு ஓடி வர்றீங்களே.

ரிசப்ஷன் அக்கா: பேர், எக்ஸ்ரே. கொண்டு வர்றது, பசி. எத்தனை பேருக்கு... ஒருத்தருக்கு. சிரிக்காதே.

லேப் தம்பி: சிரிக்கலை. எக்ஸ்ரே எடுக்கற மனுஷன், பேரையும் அப்படியே போட்டு வருஷா வருஷம் அதானே எழுதுவார். ஒருத்தருக்குன்னு போட்டுட்டு நாலு பேர் தட்டைக் காலி பண்ணுவார்.

ரிசப்ஷன் அக்கா: போன வருஷம் எழுதினார், சரி. இந்த வருஷம் எழுத ஆள் உயிரோட எங்கே?

லேப் தம்பி: புதுசா ஷீட் போட்டீங்களா, பழசையே துடைச்சு வச்சீங்களா?

ரிசப்ஷன் அக்கா: பழசேதான். லிங்க் மாறினா மத்த பத்துப் பேரும் என் மேஜைக்கு வந்து, அது திறக்கலை, இது தெரியலைன்னு உயிரை எடுப்பீங்க.

லேப் தம்பி: அப்போ சரியாத் துடைக்கலை. அவ்ளோதான்.

ரிசப்ஷன் அக்கா: நாலு தடவை துடைச்சேன் தம்பி. முந்தாநாள் ஒண்ணு, நேத்து ரெண்டு, இப்போ ஒண்ணு. துடைக்கத் துடைக்க அதே இடத்துல வந்து உட்காருது. வேற வரிக்குக்கூடப் போகலை.

லேப் தம்பி: அவர் எப்பவும் அந்த மூலை நாற்காலிதானே.

ரிசப்ஷன் அக்கா: விளையாடாதே... அது என்ன, அந்த மேல் தட்டுல? அந்தப் பல்லு.

லேப் தம்பி: எது?

ரிசப்ஷன் அக்கா: பேர் எழுதி ஒட்டியிருக்கியே.

லேப் தம்பி: அவரோடதுதான். தூக்கத்துல பல்லைக் கடிக்கிறார்னு ஒரு உறை செய்ய அச்சு எடுத்தேன். உறை முடிஞ்சது. வாங்கிக்க அவர் வரலை.

ரிசப்ஷன் அக்கா: ஒரு வருஷமா வச்சிருக்கியா... திருப்பி வை. என்னையே பார்க்குது.

லேப் தம்பி: பல்லுக்குக் கண் ஏதுக்கா.

ரிசப்ஷன் அக்கா: திருப்பி வைன்னு சொன்னேன்ல.

லேப் தம்பி: கையைக் கழுவினதும் வைக்கிறேன். அதுவரைக்கும் நீங்க இப்படித் திரும்பி உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து.

ரிசப்ஷன் அக்கா: உனக்குத்தானே கம்ப்யூட்டர் அத்துப்படி. அந்த வரி திரும்ப வராத மாதிரி பூட்டிக் கொடு. அது போதும்.

லேப் தம்பி: பூட்டறேன். எனக்கும் ஒண்ணு செய்யணும் நீங்க.

ரிசப்ஷன் அக்கா: என்னது?

லேப் தம்பி: ஒன்பதாவது வரியில எங்க சின்னம்மா பேரைப் போடுங்க. ஏழு வருஷம் இங்கே கருவி கழுவினவங்கக்கா. கொதி நீர்ல கையை விட்டு விட்டு ரேகையே தேய்ஞ்சு போச்சு. வேலைய விட்டவங்களை விருந்துக்குக் கூப்பிடறது புதுசா என்ன? பழைய கம்பவுண்டரை வருஷா வருஷம் கூப்பிடறீங்களே.

ரிசப்ஷன் அக்கா: அது வேற...

லேப் தம்பி: அவர் கேக் கொண்டு வரலை. அதானே வித்தியாசம்?

ரிசப்ஷன் அக்கா: நான் அப்படிச் சொன்னேனா? உங்க சின்னம்மா வந்து நின்னா அவங்களுக்கே சங்கடம். நாலு பேர் நாலு விதமாப் பார்ப்பாங்க.

லேப் தம்பி: பார்க்கறதுக்கு என்ன இருக்கு? கடலை போட்டிருக்குன்னு ஷீட்ல எழுதினேன்னு அன்னைக்கே சொன்னாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல, எக்ஸ்ரேயோட அம்மா கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. அந்த அம்மா கையை உதறிட்டாங்க.

ரிசப்ஷன் அக்கா: நானும்தான் அங்கே நின்னேன். எனக்குத் தெரியாதா?

லேப் தம்பி: ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டின தாள்ல 'இல்லை'ன்னு இருந்தது. அதைப் பார்த்துட்டுத்தானே, கடலை பட்டாலே உடம்புக்கு ஆகாத அவர் கேக்குல ரெண்டாவது துண்டை எடுத்தார். தாள் பொய் சொல்லாது, கேக் செஞ்ச அந்தம்மாதான் எழுத மறந்துட்டு இப்போ மாத்திப் பேசுதுன்னு பெரிய டாக்டர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஒரே தீர்ப்பு.

ரிசப்ஷன் அக்கா: இப்போ எதுக்கு அதையெல்லாம்... அவங்க எப்படி இருக்காங்க?

லேப் தம்பி: யாரு?

ரிசப்ஷன் அக்கா: உங்க சின்னம்மாதான்.

லேப் தம்பி: அந்தக் கேக் டின்னைத் தூக்கியே போடலை. தினமும் எடுத்துத் தேய்ச்சுக் கழுவுவாங்க. அதுல ஒண்ணும் செய்யறது கிடையாது. சும்மா கழுவி, துடைச்சு, அடுப்பு மேடையில கவிழ்த்து வைக்கறது.

ரிசப்ஷன் அக்கா: இப்பவுமா?

லேப் தம்பி: ...டின் பளிச்சுன்னுதான் இருக்கு.

ரிசப்ஷன் அக்கா: போன மாசம் லீவு போட்டு ஊருக்குப் போனேன்னியே, அவங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம். இடம் மாறினா மனசு மாறும்.

லேப் தம்பி: போன மாசம் இல்லைக்கா. இந்த மாசம்தான். நாலு நாள்.

ரிசப்ஷன் அக்கா: ஏதோ ஒண்ணு... இரு. இரு தம்பி. யாரோ உள்ளே வந்திருக்காங்க.

லேப் தம்பி: கதவு சாத்தித்தானே இருக்கு.

ரிசப்ஷன் அக்கா: ரூமுக்குள்ள இல்லை. ஷீட்டுக்குள்ள. மேல பாரு, பச்சை வட்டம். 'விருந்தாளி'ன்னு போட்டிருக்கு.

லேப் தம்பி: பேர் கொடுக்காம லிங்க் வழியா வந்தா அப்படித்தான் காட்டும். யாராவது உப்புமா கிளறலாமா ரொட்டி வாங்கலாமான்னு எட்டிப் பார்ப்பாங்க.

ரிசப்ஷன் அக்கா: இப்போ சாப்பாட்டு நேரம். எல்லாரும் பக்கத்து ரூம்லதான் உட்கார்ந்திருக்காங்க. போனை வெளியே கூடையில போட்டுட்டுத்தான் சாப்பிடணும்னு டாக்டர் சட்டம் போட்டாரே. கூடையை நானே எண்ணிட்டு வந்தேன். ஒன்பது.

லேப் தம்பி: என்னோடது அதோ சார்ஜ்ல கிடக்கு. உங்களோடது?

ரிசப்ஷன் அக்கா: மடியில.

லேப் தம்பி: அப்போ பதினோரு பேர் போனும் சரி.

ரிசப்ஷன் அக்கா: சரின்னா... இது யாரு?

லேப் தம்பி: எந்தக் கட்டத்துல நிக்குது?

ரிசப்ஷன் அக்கா: எட்டுல. எக்ஸ்ரே பேர் மேல... இப்போ கீழே இறங்குது. ஒன்பது. அங்கே ஒண்ணும் இல்லையே, காலி வரி... வலது பக்கம் போகுது தம்பி. ஒவ்வொரு கட்டமா. நடக்கிற மாதிரி.

லேப் தம்பி: தொடாதீங்க. பார்த்துக்கிட்டே இருங்க.

ரிசப்ஷன் அக்கா: அந்தக் கடலை வரிசையை இந்த வருஷம் நானே தூக்கிட்டேன். 'கடலை உண்டா'ன்னு கேக்கறதே வேண்டாம்னு. இப்போ அந்தத் தலைப்பு இருக்கு. மேலேயே இருக்கு. இவ்ளோ நேரம் இல்லையே...

லேப் தம்பி: அக்கா, மூச்சு விடுங்க.

ரிசப்ஷன் அக்கா: எழுதுது.

லேப் தம்பி: என்னன்னு?

ரிசப்ஷன் அக்கா: மெதுவா... ஒத்தை விரலால தட்டற மாதிரி. 'இருக்கு'... 'பொடிச்சுப் போட்டது'... 'பார்த்துக்கோங்க'. ஐயோ தம்பி, அதே வார்த்தை. அதே வார்த்தை.

லேப் தம்பி: எதோட அதே வார்த்தை?

ரிசப்ஷன் அக்கா: என்ன?

லேப் தம்பி: எதைப் பார்த்திருக்கீங்க நீங்க, அதேன்னு சொல்ல? தாள்ல 'இல்லை'ன்னு இருந்தது. சின்னம்மா 'எழுதினேன்'னு மட்டும்தான் சொன்னாங்க. என்ன எழுதினாங்கன்னு எங்கிட்டகூடச் சொன்னதில்லை. சொன்னா யாரு நம்பப் போறாங்கன்னு விட்டுட்டாங்க. நீங்க எங்கேக்கா வாசிச்சீங்க?

ரிசப்ஷன் அக்கா: கையைக் கழுவிட்டு வா தம்பி. இப்படி வெள்ளையா கையை நீட்டிக்கிட்டு நிக்காதே.

லேப் தம்பி: எங்கே வாசிச்சீங்க?

ரிசப்ஷன் அக்கா: ...முந்தின நாள் சாயங்காலம். ஷீட்ல.

லேப் தம்பி: ம்.

ரிசப்ஷன் அக்கா: வாசிச்சேன். எக்ஸ்ரேகிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்லிடணும்னுகூட நினைச்சேன். காலையில தாள் எடுக்க உட்கார்ந்தா அந்தக் கடலை வரிசை கண்றாவியா இருந்தது. ஒருத்தர் 'இல்லை'ங்கறாங்க, ஒருத்தர் 'கிடையாது', ஒருத்தர் வெறும் கோடு, பாதிப் பேர் காலியாவே விட்டிருக்காங்க. பெரிய டாக்டருக்குத் தாள் அழகா இருக்கணும். எனக்கும்தான்...

லேப் தம்பி: அதனால?

ரிசப்ஷன் அக்கா: மேல ஒரு 'இல்லை' போட்டு, மூலையைப் பிடிச்சு, கீழ வரைக்கும் இழுத்து விட்டேன். எப்பவும் செய்யறதுதான். ஒரே இழுப்பு. எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும்.

லேப் தம்பி: சின்னம்மாவோட ஒன்பதாவது வரியும்.

ரிசப்ஷன் அக்கா: ஒன்பதாவது வரியும். ஞாபகமே இல்லை தம்பி, சத்தியமா. தண்ணி ஃபில்டருக்கு மேல, சுவத்துல தாளை ஒட்டினேன். ரெண்டாவது துண்டு எடுக்கப் போறப்போ எக்ஸ்ரே தாளைக் காட்டி, 'அக்கா போட்டிருக்கா, அப்போ சரியாத்தான் இருக்கும்'னார். நானும் தலையை ஆட்டினேன். அப்புறம் அவர் தொண்டையைப் பிடிச்சதும்தான்... அந்த நிமிஷம்தான் எனக்கு வந்தது.

லேப் தம்பி: ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னப்போ உங்களுக்குத் தெரியும்.

ரிசப்ஷன் அக்கா: தெரியும்.

லேப் தம்பி: அந்த அம்மா கையை உதறினப்போ.

ரிசப்ஷன் அக்கா: தெரியும்டா. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் அவங்க வேலைக்கு வரலை. அப்புறம் நாள் ஆக ஆக, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?

லேப் தம்பி: எக்ஸ்ரேயை எழுதினது நான்தான்.

ரிசப்ஷன் அக்கா: என்ன?

லேப் தம்பி: எட்டாவது வரி. 'பசி'. நீங்க அழிக்க அழிக்க நான்தான் எழுதினேன், இன்னைக்குக்கூடப் பிளாஸ்டர் குழைக்கறதுக்கு முந்திதான். ஒரு வருஷமா இந்தக் கட்டடத்துல யாரும் அந்த மனுஷன் பேரைச் சொல்லலை. சொன்னாத்தானே சின்னம்மா பேரும் வரும். யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பாங்களான்னு பார்த்தேன். நீங்கன்னு நினைக்கலை.

ரிசப்ஷன் அக்கா: பாவி... என் உயிரே போச்சு. அப்போ இது, இந்த ஒன்பதாவது வரியும் நீதானா?

லேப் தம்பி: என் கையைப் பாருங்க. என் போனையும் பாருங்க. அங்கேதான் கிடக்கு.

ரிசப்ஷன் அக்கா: அப்போ அவங்கதான். வீட்டுல உட்கார்ந்து, அந்தப் பழைய லிங்க்கைத் திறந்து, ஒத்தை விரலால... ஒரு வருஷமா யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம, ஷீட்கிட்டயே சொல்லிக்கிட்டு இருக்காங்க. இல்லையா தம்பி?

லேப் தம்பி: அந்த வட்டம் இன்னும் இருக்கா?

ரிசப்ஷன் அக்கா: இருக்கு. நகரவே இல்லை. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி. நான் எழுதறேன். பக்கத்துக் கட்டத்துலயே எழுதறேன், எல்லாருக்கும் தெரியட்டும். 'இதை மாத்தினது நான்தான்'... பாரு, எழுதிட்டேன். சாயங்காலம் உன்கூடவே வீட்டுக்கு வர்றேன். எக்ஸ்ரே அம்மா வீட்டுக்கும் போவோம், மூணு பேருமா. உங்க சின்னம்மா என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். ஒரு போனைப் போட்டு முன்கூட்டியே சொல்லிடு தம்பி, நான் வர்றேன்னு.

லேப் தம்பி: அவங்க போன் இந்த டிராயர்லதான்க்கா கிடக்கு, சிம்கூட எடுத்தாச்சு... சின்னம்மா தவறி இன்னையோட பதினோரு நாள்.