சிக்னல் அறுந்தால் என்ன செய்யவேண்டும்

மோட்டாரின் பல்லும் பெரிய சக்கரத்தின் பல்லும் கடிக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் நுழைய வேண்டும். மறுபக்கம் வரும்போது கிழியாமல் மடிந்து வர வேண்டும். அதுதான் சரியான இடைவெளி. ரிமோட் கார் கட்டுகிறவனுக்கு இது அரிச்சுவடி. நேற்று உங்கள் நிபுணர் என் காரைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் அவர் கண்ணே போகவில்லை.

"வீட்ல செஞ்சதுதானே சார், இப்படித்தான் இருக்கும்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். பிறகு என் தோளைத் தொட்டு, "கார்ல கோளாறுன்னு எழுதி முடிச்சிடறோம் தம்பி. போய் மனசத் தேத்திக்குங்க" என்றீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதற்காகவே ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்திருக்கிறேன்.

நான் எந்திரவியல் படித்தவன். அலுவலகத்தில் பிறர் வரைந்த அசட்டு வரைபடங்களைத் திருத்துவது வேலை. அந்தக் கார் ஒன்றுதான் என்னுடையது. அடித்தகட்டை நானே ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு இழைத்தேன். என் மனைவி அதைப் பொம்மை என்பாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்குத் தெரிந்த சொல் அது.

அவளுடைய அண்ணன் வந்திருந்த ஒரு நாள்.

"என்ன மாப்ள, குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே பொம்மையா?"

"நீ வேறண்ணா, இவருதான் குழந்தை. சோறு ஊட்டி விடாத குறைதான்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே மச்சான் காரைக் காலால் தள்ளினார். முன்சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்தது. "விடுங்க, கடையில புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள் அவள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. முறிந்ததை மாற்றினேன்.

இப்போது உங்கள் நிபுணருக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைக் காருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். காருக்குள் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. எல்லோரும் 'நில்' என்று பதிந்து வைப்பார்கள். அவசரக்காரன் ரிமோட்டில் ஓட்டும் விசையை விடாமல் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் 'ஓடு' என்று பதிந்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறு. நான் புதிதாகக் கட்டுகிறவன் அல்ல.

மாலையில் மாடிப்படியின் உச்சியில் நின்று கீழ்வீட்டுக்காரியோடு பேசுவது அவள் வழக்கம். முதுகு நடைவழிப் பக்கம் இருக்கும். அன்று நடைவழியின் மறுகோடியில் கார் படியைப் பார்த்து நின்றது. அந்த நீளத்துக்கு ஒரு காரை நேராக ஓடவைப்பது சாதாரண வேலையில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வாளியை நிறுத்தி ஓட்டிப் பார்த்திருந்தேன். வாளியின் நட்டநடுவில் அடித்தது.

மச்சான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காரின் ரிமோட் அவர் பக்கத்தில் இருந்தது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அந்த ரிமோட்ட கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்க. பேட்டரி வீணாப் போகுது."

"இதுக்கும் நான்தானா?" என்று கேட்டுக்கொண்டே அமர்த்தினார். அமர்த்தினால் கார் நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் இன்றும் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார். ஆறுதல் சொல்கிறேன். விரல் அவருடையதுதான், ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் மேலும் இருந்ததில்லை.

கார் இம்மியும் விலகவில்லை. அவள் கணுக்காலில் அடித்தது. கருங்கல் படிகள், மீதியை நீங்களே பார்த்தீர்கள். காரில் ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை, அதைத்தான் யாருமே பார்க்கவில்லை.

அவளை நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரில் கோளாறு என்று மட்டும் எழுதாதீர்கள்.