நத்தாருக்கு வரும் போன்

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், நெருங்கிய ஒரு நாள். லண்டன் குரோய்டனில் இருந்து மிச்சம் என்ற ஊருக்குப் போகும் ட்ராமில் எனக்குப் பின் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

“என்ரை தம்பி செத்து இருபது வருஷத்துக்கு மேலையாம், பிள்ளை. போன நத்தாருக்கும் எனக்குப் போன் எடுத்தவன்.”

“ஆர் அக்கா சொன்னது?”

“பொலிஸ். இஞ்சை ஒரு காட்டுக்கை ஆரோ மண்ணுக்கை தாட்டுவிட்ட எலும்பாம். ஆளைத் தெரியாமல் இவ்வளவு காலமும் வைச்சிருந்திருக்கினம். என்ரை மகள் சொந்தக்காரரைத் தேடுறன் எண்டு டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் துப்பி அனுப்பினவள். அதோடை பொருந்திச்சுதாம். பிறகு என்ரையையும் எடுத்துப் பாத்திட்டு, ஒரே தாய் தேப்பன் பிள்ளையள் எண்டிட்டினம்.”

“உங்களுக்கு ஒரு தம்பிதானே?”

“ஓம்.”

“அப்ப பாரிஸிலை இருந்து உங்களோடை கதைக்கிறது ஆர்?”

“அந்த நேரம் ஊரிலை இருந்து என்னட்டை வரத்தான் வெளிக்கிட்டவன். விசா இல்லை, பாரிஸிலையே நிண்டிட்டன் எண்டு போன் வந்தது. நாங்கள் போறம் எண்டால் ஒரு சாட்டுச் சொல்லுவான். வீடியோவுக்கும் வரமாட்டான். ஒவ்வொரு வருஷமும் அவன்ரை சுகத்துக்குப் பூசை ஒப்புக்குடுத்தனான். இனி செத்தவன்ரை ஆத்துமத்துக்கோ?”

ட்ராம் நின்று, கதவுகள் திறந்து மூடின.

“இந்த முறையும் எடுத்தால் வழக்கம்போலை கதைக்கட்டாம். பொலிஸ் பக்கத்திலை இருப்பினமாம்.”

“அக்கா, உங்கடை அம்மா அவரை வீட்டிலை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறவ எண்டு கேளுங்கோ. வேறை ஆளெண்டால் முழிப்பான்.”

“அந்தப் பேர் வீட்டுக்கு வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லித்தான் அவன் கதைக்கத் தொடங்குறவன்.”